கடற்காற்றும் இரும்புக் கதவும்

வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் பல. அவற்றுள் ஏதாவதொன்றில் நடந்து செல்பவர், இருமருங்கிலும் உள்ள வாயிற்கதவுகளை மட்டும் பார்த்துக்கொண்டு போவாராயின், கடல் இன்னும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அலையோசை கேளாமலே சொல்லிவிடலாம். வீதியோரத்து வீட்டின் இரும்புக் கதவு கறுப்புத் தீந்தை மினுங்க நிற்கும். ஒழுங்கையின் நடுவிலுள்ள கதவில், பிணைச்சலுக்குக் கீழே செம்மண் நிறத்தில் ஒரு கோடு வழிந்திருக்கும். புகைவண்டிப் பாதையையும் அதற்கப்பால் அலையையும் பார்த்து நிற்கும் கடைசி வீட்டிலோ, கம்பிகளின் அடி கரும்புச் சக்கைபோற் பிரிந்து, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். தூரம் சில நூறு யார்தான். மூன்று கதவுகளும் ஒரே காலத்தில், ஒரே பட்டடையிற் செய்யப்பட்டனவாகக்கூட இருக்கலாம். அவற்றை வந்தடைந்த காற்று வேறு.

மே மாதத்தின் பிற்பகுதி முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேரே கொழும்புக் கரைக்கு வீசுகிறது. கரையோரப் பாறைகளில் மோதி உடையும் ஒவ்வோர் அலையும் கண்ணுக்குப் புலனாகாத திவலைகளைக் காற்றிலே தூவுகின்றது. பெரிய திவலைகள் கரையை அடுத்த சில நூறு யாருக்குள் விழுந்துவிடும். நுண்ணியவை மேலும் உள்ளே செல்லும். நீர் உலர்ந்தபின் எஞ்சுவது உப்பு. அது சமையலறையில் உள்ள உப்பு மட்டுமன்று. மக்னீசியம் குளோரைட்டும் அதனோடு கலந்திருக்கிறது. சமையலுப்புக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசிவதற்குச் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தை எட்டவேண்டும். மக்னீசியம் குளோரைட்டுக்கோ 33 சதவீதமே போதும். கொழும்பின் காற்று ஆண்டின் பெரும்பகுதியில் 70 சதவீதத்தை ஒட்டியோ, அதற்கு மேலோ ஈரம் தாங்கியிருப்பது. ஆகவே கடற்கரை வீட்டின் கதவு, மழை பெய்யாத நாளிலும், கைக்கு உலர்ந்ததாகத் தோன்றும் வேளையிலும், உப்புநீரால் நெய்த மெல்லிய போர்வை ஒன்றினுள்ளே நனைந்தபடியே நிற்கின்றது.

நீரும் ஒட்சிசனும் இரும்போடு கூடினாற் கறள். இதைப் பாடசாலைப் பிள்ளையும் அறியும். கறள், தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை கூடிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவ்வளவாக அறியப்படாதது. சுவரிற் புதைந்த யன்னற் கம்பி சாந்தை வெடிக்கச் செய்வதும், இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டி தானாகவே விரிந்து பிளப்பதும் இதனாலேதான். உப்பின் பங்கு இன்னும் வஞ்சகமானது. அதிலுள்ள குளோரைட்டு இரும்பைக் கரைக்கத் துணைசெய்கின்றது. ஆனால் அவ்வேலையில் தான் செலவாவதில்லை. கறளின் அடியில், இரும்பிலே விழுந்த சிறு குழிகளின் ஆழத்தில், அடுத்த ஈரத்தை எதிர்பார்த்து அது காத்திருக்கும். மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும், கீழே காத்திருக்கும் இந்த உப்பை வெளியேற்றாதவரை, அந்தப் பூச்சு ஒரு மூடி மட்டுமே.

இதே காற்றைப் பற்றி வேறொரு செய்தியும் உண்டு. பலாங்கொடைக்கு அருகே, சமனலவெவ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில், மேற்கு நோக்கிய முகடுகளில், பண்டைய இரும்புலைகளின் எச்சங்கள் பல கண்டெடுக்கப்பட்டன. கில் ஜுலெஃப் என்னும் பிரித்தானியத் தொல்லியலறிஞர் அவற்றை ஆராய்ந்து, அவ்வுலைகளைப் போன்ற ஒன்றைத் தாமே கட்டி, துருத்தி எதுவுமின்றிப் பருவக்காற்றின் வேகத்தினாலேயே இரும்பை உருக்கிக் காட்டினார். அதிலே உயர்ந்த உருக்கும் கிடைத்தது. அவருடைய ஆய்வுரை 1996 ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் வெளிவந்தது. அவ்வுலைகளின் காலம் கி.பி. 7 ஆம் நூற்றாண்டுக்கும் 11 ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. ஈழத்தில் ஒரு காலத்தில் மண்ணை இரும்பாக்கிய காற்றும் தென்மேற்குக் காற்றே. இன்று வெள்ளவத்தையில் இரும்பை மண்ணாக்கும் காற்றும் அதுவே.

பிரித்தானியர் காலத்தில் கப்பல் வழியாக மலிவான இரும்பு வந்து குவிந்தபோது உள்ளூர் உலைகள் அணைந்தன. வந்த இரும்பு இறங்கிய இடம் கொழும்பு. துறைமுகத்தை அடுத்த மேட்டிலே அமைந்தது கொட்டாஞ்சேனை. 1757 இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட ஒல்லாந்தரின் வுல்வெண்டால் தேவாலயமும், பின்னாளில் எழுந்த புனித லூசியா பேராலயமும் நிமிர்ந்து நிற்கும் அந்தப் பகுதியின் பழைய வீடுகளில், கதவு யன்னல்களின் தலைமேல் விரிந்த விசிறி வடிவக் கம்பிவேலை, ஈட்டிமுனை தாங்கிய வேலி, கொடிபோற் சுருண்ட கைபிடி முதலியவற்றைக் காணலாம். யன்னல், அலவாங்கு, தீந்தை என்னும் சொற்கள் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. கடைக்காரர் 'பெயின்ற்' என்பார். வீட்டுக் கிழவியோ இன்றும் தீந்தை என்பார். கிழவியின் சொல்லே இங்கு கொள்ளப்படுகிறது.

பழைய இரும்பு எல்லாம் ஒரே இரும்பன்று. அச்சிலே வார்க்கப்பட்ட வார்ப்பிரும்பு கனமானது, அடித்தால் ஒடியும். உலையிற் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, நீட்டிச் சுருட்டப்படுவது தேனிரும்பு. 1784 இல் ஹென்றி கோர்ட் என்ற ஆங்கிலேயர் கண்ட கிண்டல் முறையினாற் பெருமளவில் ஆக்கப்பட்ட இவ்விரும்பின் உடலிலே உலைக்கசடு நுண்ணிய இழைகளாக ஓடிக்கிடக்கும். மிகவும் அரித்துப்போன தேனிரும்பு மரவரி போலக் காட்சியளிப்பது இதனாலேயாகும். கம்பி எதனாலானது என்று அறிய இதைவிட எளிய அடையாளம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் மெல்லுருக்கு வந்து தேனிரும்பைப் படிப்படியாக ஒதுக்கியது. பிரித்தானியாவிலேயே தேனிரும்பின் வணிக உற்பத்தி 1970 களின் நடுப்பகுதியோடு நின்றுவிட்டது. ஆகவே கொட்டாஞ்சேனையில் ஒரு தேனிரும்புக் கைபிடியைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரின் தராசில் ஏற்றுபவர், எடைக்கு விலை பெறுகிறார். அதே இரும்பில் வேறொன்று செய்விக்க எண்ணினால் அந்தப் பொருள் கடையில் இல்லை. பழைய கதவு யாவும் தேனிரும்பு என்று நம்பிவிடவும் கூடாது. இருபதாம் நூற்றாண்டில் எழுந்த வெள்ளவத்தை வீடுகளின் கதவுகளிற் பெரும்பாலானவை மெல்லுருக்கே. அவையும் பேணத்தக்கவை என்பதற்குக் காரணம் உண்டு.

இப்போது கடைகளிற் செய்து விற்கப்படும் வாயிற்கதவு பெரும்பாலும் உள்ளே வெறுமையான சதுரக் குழாயினாலானது. பார்வைக்குத் தடித்தது, நிறையிற் குறைந்தது, விலையும் குறைந்தது. அதன் தகடு மெல்லியது. வெல்டிங் செய்த மூலையில் ஊசித்துளை ஒன்று விடுபட்டாலும், உப்பீரம் உள்ளே புகுந்து, தூரிகை எட்டாத இடத்தில் வேலையைத் தொடங்கும். வெளிப்புறத்துத் தீந்தை மினுங்கிக்கொண்டிருக்க, ஒருநாள் கதவின் அடிச்சட்டம் உள்ளிருந்தே பொத்துக்கொள்ளும். முழுக்கம்பியாலான பழைய கதவோ தன் நோயை வெளியிலே காட்டும். காட்டும் நோய்க்கு மருந்து செய்யலாம். அங்குலத் தடிப்புள்ள கம்பி தன்னில் எட்டிலொரு பங்கை இழந்தபின்னும் கதவாகவே நிற்கும். கடற்கரை ஒழுங்கையிற் குழாய்க் கதவைப் பரிந்துரைப்பவர், வாங்குபவரின் பணத்தை மிச்சப்படுத்துகிறார் என்று சொல்ல முடியாது.

கம்பிக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. மரக்கதவும் கூரையும் சாம்பரானபின், சுவரோடு எஞ்சி நின்றவை யன்னற் கம்பிகளும் வாயிற்கதவுகளுமே. தீந்தை முழுவதும் கருகி, வெற்றுடம்பாய், ஓகஸ்ட் மாதத்துப் பருவமழையில் அவை நின்றன. பலர் திரும்பவில்லை. திரும்பியவர்கள் புதிதாக மரத்தை வாங்கினார்கள். கம்பியை மட்டும் சுரண்டிப் பூசிக்கொண்டார்கள். பின்வந்த ஆண்டுகளில் அவ்வொழுங்கைகளின் தனிவீடுகள் பல இடிக்கப்பட்டு மாடிக்குடியிருப்புகள் எழுந்தபோது, அக்கம்பிகளிற் பலவும் பழைய இரும்பாயின. இன்னும் நிற்பவை சிலவே.

அப்படி நிற்கும் ஒன்றைத் திருத்த முனைபவர் முதலிற் பார்க்க வேண்டியது அதன் பாதத்தை. கம்பி சீமெந்துத் தளத்தினுள் இறங்கும் இடத்தில் மழைநீர் தேங்கும். குப்பையும் மண்ணும் சேரும். நாய் சிறுநீர் கழிக்கும். அழிவு அங்கேதான் தொடங்குகிறது. கம்பியைச் சுற்றிலும் சீமெந்தை மெல்லச் செதுக்கி, நீர் வழிந்தோடும்படி சரிவாகத் திரும்பப் பூசுவதே பாதி வைத்தியம். பாதம் முழுவதும் அரித்திருந்தால், நல்ல இரும்பு தொடங்கும் இடம்வரை வெட்டி, அதே தடிப்புள்ள முழுக்கம்பியை ஒட்டலாம். மேலேயுள்ள சுருள்வேலையைத் தொட வேண்டியதில்லை. அடுத்துப் பார்க்க வேண்டியவை ஆணி கடாவிய மூட்டுகளும், கம்பிகளை அணைத்த பட்டிகளும், பிணைச்சல்களும்.

பின்னர் வருவது சுரண்டல். வீட்டாரிற் பெரும்பாலோர் தீந்தைப் பேணியின் விலையைப் பற்றி நெடுநேரம் பேரம் பேசுவர். சுரண்டுவதற்கு மேலும் ஒரு நாட் கூலி கொடுக்க மட்டும் மனம் வராது. இரண்டில் ஒன்றிற் சிக்கனம் செய்யத்தான் வேண்டுமென்றால், பேணியில் அதைச் செய்வதே புத்தி. உரிந்த பூச்சையும் உதிரும் கறளையும் சுரண்டியாலும் கம்பித் தூரிகையாலும் அகற்றவேண்டும். நன்றாய்ப் பற்றியிருக்கும் பழைய பூச்சைக் கட்டாயம் எடுக்க வேண்டியதில்லை. அதன் விளிம்பை அரத்தாளாற் சமன்செய்தாற் போதும். சுழலும் அரைக்கல்லைச் சுருள்வேலையின்மீது வைத்து, கொல்லனுடைய சம்மட்டித் தழும்புகளையெல்லாம் மழித்துவிடுவது வேகமான வேலை. ஆனால் அது திருத்தமாகாது.

சுரண்டியபின் இரும்பு வெள்ளியைப்போல் ஒளிரும். அந்த ஒளியைக் கண்டதும் தூரிகையை எடுப்பதுதான் கொழும்பில் நேரும் பெரிய பிழை. உலர்ந்த தூரிகை கறளை எடுக்கும்; குழியில் இருக்கும் உப்பை எடுக்காது. அதற்கு நன்னீர் வேண்டும். நல்ல தண்ணீரை வார்த்து, நாரினாலோ கெட்டித் தூரிகையினாலோ தேய்த்து, மீண்டும் வார்த்து, ஒன்றுக்கு மூன்று முறை கழுவவேண்டும். 'இரும்பை நனைப்பதா' என்று பலர் அஞ்சுவர். கழுவிய இரும்பின்மீது ஒரு மணி நேரத்துக்குள் இளஞ்சிவப்பாக ஒரு கறை படரக்கூடும். துணியால் துடைத்து, வெயிலில் நன்கு உலர்த்தி, இலேசாகத் தேய்த்துவிட்டால் அது போய்விடும். உள்ளே விடப்பட்ட உப்போ போகாது. அன்றைய மாலைக் கடற்காற்று ஈரத்தோடு ஏறுமுன் முதற்பூச்சு முடிந்திருக்க வேண்டும், இரவு முழுவதும் வெற்றிரும்பை விட்டுவைத்தால், காலையில் புதிதாக உப்புப் படிந்திருக்கும், கழுவியது வீண்.

தூரிகை எட்டாத மூலைகளில் ஒட்டிய கறள் சிறிது எஞ்சத்தான் செய்யும். அதற்குத் துவர்ப்புச் சத்தாலாகிய திரவங்கள் விற்கப்படுகின்றன. பூசினால் செங்கறள் கருநீலமாக மாறி உறுதிப்படும். இது புதுமையாகத் தோன்றலாம். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து எழுதுமை காய்ச்சிய பாட்டனார் அறிந்திருந்த மாற்றமே இது. தேநீர்க்கறை இரும்புக் கத்தியிற் பட்டால் கறுப்பதும் இதுவே. அரும்பொருட்சாலைகளிலும் பழைய இரும்பைப் பேணுவோர் துவர்ப்பமிலத்தைக் கையாள்கின்றனர். எனினும் கனத்த கறளின்மேல் இத்திரவத்தைத் தடவிவிட்டுச் சுரண்டலைத் தப்பித்துக்கொள்ள நினைப்பது, அழுக்குச் சட்டைக்குச் சாயம் போடுவதைப் போன்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய கதவின் அடிப்பூச்சு செம்மஞ்சள் நிறமாக இருந்தால், அது பெரும்பாலும் ஈயச் செந்தூரமாக இருக்கும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இரும்புக்கு அதைவிடச் சிறந்த முதற்பூச்சு இருந்ததில்லை. ஆனால் ஈயம் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இலங்கையில் 2013 ஆம் ஆண்டு முதல் தீந்தையில் இருக்கத்தக்க ஈயத்துக்குச் சட்டம் வரம்பு விதித்துள்ளது. எனினும் அதற்கு முன் பூசப்பட்டவை இன்னும் கதவுகளிலே இருக்கின்றன. அவற்றை உலர்ந்தபடியே தேய்த்துத் தூளாக்குவதும், தீச்சுவாலையால் எரித்து உரிப்பதும் ஆபத்தானவை. நீரால் நனைத்துச் சுரண்டி, கீழே விரித்த தாளிலே சேர்த்து, மூட்டையாகக் கட்டி அப்புறப்படுத்தவேண்டும். அவ்வேளையில் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடலாகாது. வேலை செய்பவர் மூக்கை வெறும் லேஞ்சியாற் கட்டிக்கொள்வது போதாது; தூள் வடிக்கும் முகமூடி அணியவேண்டும்; கை கழுவாமல் உணவு உண்ணலாகாது.

இனிப் பூச்சு. பழைய தீந்தையின் உயிர் ஆளிவிதை எண்ணெய். அது காற்றிலே உள்ள ஒட்சிசனை ஏற்று மெல்ல மெல்லத் தோலாக உறையும். தேங்காய் எண்ணெய் அவ்வாறு உறையாது. பூட்டுக்கும் பிணைச்சலுக்கும் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் வீடுகளில் உண்டு. சில நாளைக்கு ஈரத்தைத் தடுக்கும், பின்னர் தூசியைப் பிடித்துக் கூழாகும். போகல, கஹட்டகஹ சுரங்கங்களிலிருந்து வரும் காரீயமும் ஒரு காலத்தில் இரும்புப் பூச்சிலே சேர்ந்தது. பெயரில் ஈயம் இருந்தாலும் அது ஒருவகைக் கரியே. அதன் தகடுகள் ஒன்றன்மேலொன்றாய்ப் படிந்து நீரைத் தடுக்கும். ஆயினும் அது வெற்றிரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், உப்பீரத்தில் மின்னோட்டத்தை எழுப்பிக் கறளைத் துரிதப்படுத்தும். மேற்பூச்சுக்கு உதவும், முதற்பூச்சுக்கு ஆகாது. வெள்ளை நிறத்துக்கு இக்காலத்தில் உதவுவது தைத்தானியம். புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் அதன் தாது இருக்கிறது.

இன்று கடற்கரைக்கு ஏற்றதாகக் கொள்ளப்படும் முறை மூன்று அடுக்குகளைக் கொண்டது. முதலில் நாகப் பொசுபேற்றுக் கலந்த முதற்பூச்சு. இரண்டாவது நீர் புகாத எப்பொக்சி. மூன்றாவது வெயிலைத் தாங்கும் பொலியூரித்தேன். எப்பொக்சியை வெயிலில் வெறுமனே விட்டால் சுண்ணாம்புபோல் மாவாகும். ஆதலாலேயே அதற்கு மேலாடை. மூன்றும் சேர்ந்து 200 மைக்ரோனுக்குக் குறையாமல் இருப்பது நலம். ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன் என்று கொண்டால், மூன்று மயிரின் தடிப்பு. வீட்டுக்காரர் எல்லாரும் இத்தகைய விலையுயர்ந்த பூச்சை வாங்க இயலாது. சாதாரண எனாமலையே பூசினாலும், முறைப்படி கழுவி, முதற்பூச்சு இரண்டு கொடுத்துப் பூசியது, கழுவாத கதவின்மேல் இட்ட உயர்ந்த பூச்சைவிட நீண்டகாலம் நிற்கும். ஒரு நுட்பம் மட்டும் எந்தப் பூச்சுக்கும் பொது. கூரிய விளிம்பிலிருந்து தீந்தை தானாகவே விலகி மெலியும். எனவே ஒவ்வோர் அடுக்குக்கும் முன்பாக விளிம்புகள், மூலைகள், ஆணித்தலைகள், சுருளின் உட்புறம் ஆகியவற்றைச் சிறு தூரிகையால் தனியே ஒருமுறை தடவி வைக்கவேண்டும். கறள் முதலில் தலைகாட்டும் இடங்கள் அவை.

எந்த நேரத்திற் பூசுவது என்பதில் ஒரு தொல்லை 1970 களின் பின் புதிதாகச் சேர்ந்தது. அக்காலந்தொட்டு இலங்கைத் தொழிலாளர் பல்லாயிரவர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். இரும்பு வேலையும் தீந்தை வேலையும் அங்கே பழகி வந்தவர் பலர். பாலைவனத்தில் இரும்புக்குப் பகை வேறு. உள்நாட்டிலே காற்று உலர்ந்திருப்பதால் கறள் மெதுவாகவே பிடிக்கும். தில்லியில் ஏழு மீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரமும் ஆறு தொன்னுக்கு மேற்பட்ட நிறையும் கொண்ட இரும்புத்தூண் 1,600 ஆண்டுகளாய் நிற்பதற்கு, அதிலுள்ள மிகுந்த பொசுபரசு ஆக்கிய காப்புப்படலத்தோடு அவ்வூரின் உலர்ந்த காற்றும் துணை. அத்தூணிலுங்கூட மண்ணுக்குள் இருந்த அடிப்பகுதியிற் கறள் தடித்தே இருந்தது. பாலைவனத்திற் கெடுவது இரும்பைவிடத் தீந்தைதான். புற ஊதாக் கதிர் அதன் பிணைப்பை உடைத்து மாவாக்கும். பகலிற் காய்ந்து நீண்ட கம்பி இரவிற் குளிர்ந்து சுருங்க, விறைத்த பூச்சு வெடிக்கும். மணற்காற்று அதனை அரம்போல் அராவும். நடுப்பகலிற் கையைச் சுடும் கம்பியில் தூரிகையை வைத்தால், மேல்தோல் உடனே உலர்ந்து உள்ளே ஆவி அடைபட்டுக் கொப்புளம் எழும். ஆகவே அங்கே பழகியவர் விடியற்காலையில் வேலையைத் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிப்பார். பாலைவனத்துக்கு அது சரி. வளைகுடாவின் கரையோர நகரங்களிலோ இரவுப்பனி கனமாக இறங்குவதால், அங்கும் இந்தப் பழக்கம் எப்போதும் பலிப்பதில்லை.

அதே கை வெள்ளவத்தைக்குத் திரும்பி, அதே வழக்கப்படி வைகறையில் தூரிகையை எடுக்கும்போது, தீந்தைக்கும் இரும்புக்கும் நடுவே இரவின் ஈரம் ஒரு படலமாய் அகப்பட்டுக்கொள்கிறது. ஒரு மாரி கழிவதற்குள் பூச்சு வாழைப்பட்டைபோல உரியும். பூசியவர் தீந்தையைக் குறை கூறுவார். வீட்டுக்காரர் பூசியவரைக் குறை கூறுவார். கொழும்பில் ஒன்பது மணிக்கு முன் இரும்பைத் தொடாதிருப்பதும், பிற்பகல் மூன்று மணிக்குள் தூரிகையைக் கழுவி வைப்பதும் தக்கவை. பனி படியும் வெப்பநிலையைவிட இரும்பின் வெப்பநிலை குறைந்தது மூன்று பாகை கூடியிருக்கவேண்டும் என்பது தொழில்நூலார் விதி. கருவி இல்லாதவர், ஈரத்துணியாற் கம்பியில் ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாம். அக்கோடு சில நிமிடங்களில் மறைந்தாற் பூசலாம். மறையாது நின்றால் அன்றைக்கு வேறு வேலை பார்ப்பதே நன்று.

மாதத்தைத் தெரிவதிலும் கொழும்பு வீடுகளில் ஒரு வழக்கம் ஊறியிருக்கிறது. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் நத்தாருக்கு முன்னும், வெள்ளவத்தைச் சைவர் தைப்பொங்கலுக்கு முன்னும் வீட்டுக்கு வர்ணம் பூசுவர். ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் கொழும்பில் மழை மிகுந்தவை. அந்த மழையின் ஈரம் மூட்டுகளிலும் பட்டிகளின் அடியிலும் தங்கியிருக்கையிலேதான் டிசம்பரில் அவசரமாகத் தூரிகை ஏறுகிறது. ஆடிவேல் விழாவுக்கென்று யூலையிற் பூசுபவர் உண்டு. அப்போது உப்புக்காற்று உச்சத்தில் இருக்கும். சுவருக்கு எந்த விழாவும் பொருந்தும். இரும்புக்குப் பொருந்துவது சித்திரை வருடப் பிறப்பு ஒன்றே. சனவரி, பெப்ரவரி மாதங்களில் மழை மிகக் குறைவு. காற்றும் பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். தைப்பொங்கல் முடிந்தபின் சுரண்டலைத் தொடங்கி, மார்ச் நடுவுக்குள் மேற்பூச்சை முடித்துவிட்டால், மே மாதத்துக் காற்று வருமுன் அது நன்றாய் இறுகியிருக்கும்.

கடலோடு இரும்பு பழகுவதன் முழுக்கதையையும் பார்க்க விரும்புபவருக்குப் பாம்பன் பாலம் உண்டு. சென்னையிற் புகைவண்டி ஏறி, தனுஷ்கோடியிற் கப்பல் ஏறி, தலைமன்னாரில் மீண்டும் புகைவண்டி ஏறிக் கொழும்பு வந்த தலைமுறையினர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களைச் சுமந்த அந்தப் பாலம் 1914 பெப்ரவரி 24 ஆம் திகதி திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளம், 145 கண்கள். 1964 டிசம்பர்ப் புயலிற் சிதைந்து, 46 நாளிற் செப்பனிடப்பட்டது. நூற்றாண்டு கடந்து அது நின்றது ஓயாத சுரண்டலாலும் ஓயாத பூச்சாலும். இரு பக்கமும் உப்புக்கடலாயிருக்க, அங்கே தீந்தை வேலை முடிவுற்றது என்று சொல்லத்தக்க நாள் இருந்ததில்லை. இறுதியில் அரிப்பே வென்றது. 2022 டிசம்பரில் அதன்மேல் புகைவண்டிகள் நிறுத்தப்பட்டன. அருகே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 ஆம் திகதி திறக்கப்பட்டது. அதன் உருக்குக்குப் பொலிசிலொக்சேன் என்னும் புதுவகைப் பூச்சு இடப்பட்டிருக்கிறது. அது எப்படி உழைக்கும் என்பதைப் பாம்பன் காற்றே சொல்லும்.

வீட்டுக் கதவுக்கு அத்தனை பாடு இல்லை. பருவக்காற்றுக் காலத்தில், மாதம் ஒருமுறை, தோட்டத்துத் தண்ணீர்க் குழாயால் கதவை மேலிருந்து கீழாகக் கழுவி, சுருள்களின் உட்புறத்தையும் பட்டிகளின் அடியையும் பாதத்தையும் தேய்த்துவிடப் பத்து நிமிடம் செல்லும். மழையிலே தானாகக் கழுவப்படும் வெளிப்பக்கத்தைவிட, கூரைத் தாழ்வாரத்தின் கீழே மழை எட்டாது உப்பு மட்டும் எட்டும் யன்னற் கம்பிகளுக்கே இது கூடுதலாக வேண்டும். கழுவும்போது எங்கேனும் கடுகளவு கறள் தென்பட்டால், அவ்விடத்தை மட்டும் அன்றே சுரண்டி, உலர்த்தி, முதற்பூச்சைத் தொட்டு வைக்கலாம். அதற்கென்று முந்திய வேலையின்போது பேணியில் கொஞ்சத்தை மிச்சம் பிடித்து, இறுக மூடி, நிழலிலே வைத்திருக்க வேண்டும்.